பாட்டு உண்டு, பாட்டு வகுப்பு இல்லை
தொடக்கப் பள்ளி இசைக்கல்வி: ஓர் ஆய்வு

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பாட்டுக்குப் பஞ்சமில்லை. காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து, மாலையில் நாட்டுப்பண். முதல் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தால் பாட்டு, ஆங்கிலப் புத்தகத்திலும் பாட்டு. எண்ணும் மாதமும் காய்கறிப் பெயரும் பாட்டாகவே வந்து சேர்கின்றன. ஆண்டு விழா என்றால் ஆடல் பாடல் இல்லாமல் மேடை நிறையாது. ஆனால், ஐந்தாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போகும் ஒரு பிள்ளையின் குரலை அந்த ஐந்து ஆண்டுகளில் யாராவது தனியாகக் காதுகொடுத்துக் கேட்டிருப்பார்களா? "இந்த இடத்தில் கொஞ்சம் கீழே இறங்குகிறாய், மறுபடி பாடு" என்று சொல்லியிருப்பார்களா? பெரும்பாலான பள்ளிகளில் இல்லை என்பதே விடை.

வாசிப்பில் இப்படி நடந்தால் அதைக் குறை என்போம். வகுப்பே சேர்ந்து பாடத்தை ஒப்பித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துத் தெரியும் என்று எந்த ஆசிரியரும் நம்புவதில்லை. பாட்டில் மட்டும் அப்படி நம்பிக்கொண்டிருக்கிறோம். தொடக்கப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் பாடக் கற்க வேண்டுமா, வேண்டுமென்றால் யார் கற்பிப்பது, எந்தப் பாட்டை, எந்த நேரத்தில்? இந்தக் கேள்விகளுக்கு இங்கிலாந்தும் ஹங்கேரியும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல விடைகளைச் செய்துபார்த்திருக்கின்றன. அவற்றை நம் பள்ளிகளின் நடப்போடு வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மூன்று வேடங்கள்

நம் தொடக்கப் பள்ளியில் பாட்டு மூன்று வேடங்களில் வருகிறது. முதலாவது சடங்கு. 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்து 1970இல் அரசு விழாக்களுக்கு உரிய பாடலாயிற்று. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு ஓர் இசைக் குறிப்பையும் தந்தது: மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடிகளில் பாட வேண்டும், இசைத்தட்டைச் சுழலவிடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயாலேயே பாட வேண்டும். நல்ல ஆணைதான். ஆனால் அந்தப் பயிற்சியை ஆறு வயதுப் பிள்ளை எங்கே பெறுவது? வழிபாட்டில் குரல் நன்றாக உள்ள நான்கு பேர் முன்னால் நின்று பாட, மற்றவர்கள் பின்னாலிருந்து தோன்றிய சுருதியில் கூடவே கத்துகிறார்கள்.

இரண்டாவது வேடம் கருவி. செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்த காலத்திலிருந்து, 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் வரை, பாட்டு வேறொரு பாடத்துக்கு வாகனமாகவே ஓடுகிறது. எழுத்தை நினைவில் வைக்க ஒரு பாட்டு, கூட்டலுக்கு ஒரு பாட்டு. இதில் தவறில்லை. திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியும் வாய்ப்பாடும் ராகம் போட்டுத்தான் மனத்தில் ஏறின. ஆனால் கருவியாக வரும் பாட்டில் ஆசிரியர் சொல்லைத்தான் கவனிக்கிறார். சொல் சரியாக வந்துவிட்டால் பாடம் முடிந்தது; சுரம் எப்படிப் போனாலும் யாரும் திருத்துவதில்லை.

மூன்றாவது வேடம் போட்டி. 2022–23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழா, பின்னர் தொடக்க வகுப்புகளையும் சேர்த்துக்கொண்டது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படி ஏறும் இந்த விழா, கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் மேடையைத் தந்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆயினும் போட்டியின் இயல்பு வடிகட்டுவது. ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளையைக் கண்டுபிடிக்க அது உதவும். பாட வராத பிள்ளையைப் பாடவைப்பது அதன் நோக்கமன்று. தனியார் பள்ளிகளிலும் கதை வேறில்லை. பாட்டு டீச்சர் இருப்பார், வாரம் ஒரு பீரியட் இருக்கும். ஆண்டு விழா நெருங்கினால் அந்தப் பீரியட் முழுக்கத் தேர்ந்தெடுத்த இருபது பிள்ளைகளுக்குப் போய்விடும். சுருதி சேராத பிள்ளையிடம் "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்வது நம் பள்ளிகளில் சாதாரணம். அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளை வளர்ந்து ஆசிரியராகி, "எனக்குப் பாட வராது சார்" என்று அடுத்த தலைமுறையிடம் சொல்கிறது.

சட்டம் விட்ட இடம்

பாடக் கற்பிக்காத இந்த நிலை ஆசிரியர்களின் அலட்சியத்தால் வந்ததன்று, ஏற்பாடே அப்படி. 1937–38இல் ஜாகிர் உசேன் குழு வகுத்த வார்தா கல்வித் திட்டம் கைத்தொழிலோடு இசையையும் ஓவியத்தையும் பாடமாகச் சேர்த்திருந்தது. 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டச் சட்டகம், பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையும் கலை வழியாகக் கற்பித்தலை வலியுறுத்துகிறது. ஆவணங்களுக்குக் குறைவில்லை.

பணியிடம் என்று வரும்போதுதான் சறுக்கல். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. எங்கே? ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்ற கணக்கு மட்டுமே உண்டு. கலை ஆசிரியர் பற்றிப் பேச்சில்லை. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், அன்றைக்கு மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டபோதும் இதே கோடுதான் பின்பற்றப்பட்டது. அவர்களின் ஊதியப் போராட்டம் பற்றிச் செய்திகள் இன்றும் வருகின்றன. அந்த ஏற்பாடு தொடக்கப் பள்ளியைத் தொடவே இல்லை என்பதை யாரும் பேசுவதில்லை.

பள்ளிக்கு வெளியே வாய்ப்பு உண்டு. ஐந்து வயது முதலே சேரக்கூடிய ஜவகர் சிறுவர் மன்றங்களும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கான மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் நல்ல வேலை செய்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் மாவட்டத் தலைநகரங்களில் இருக்கின்றன. வாரந்தோறும் கூட்டிக்கொண்டு போகப் பெற்றோருக்கு நேரம் வேண்டும், பஸ் காசு வேண்டும். இலங்கையின் தமிழ்வழிப் பள்ளிகளில் கர்நாடக சங்கீதம் அழகியல் பாடங்களில் ஒன்று. சாதாரண தரத் தேர்வுக்கும் எடுக்கலாம். நம்மைவிட அது ஒரு படி மேல். அங்கும் தனிப் பாடமாக அது உறுதிப்படுவது தரம் ஆறிலிருந்துதான். குரல் எளிதில் வளையும் ஐந்து முதல் பத்து வயதுதான் இரு இடங்களிலும் தவறிப்போகிறது.

இங்கிலாந்து: காசுக்குப் பாட்டு, வானொலிப் பாட்டு

சாதாரணப் பள்ளியில் எல்லாருக்கும் பாட்டு என்ற எண்ணத்தை ஐரோப்பாவில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜான் கர்வன் என்ற பாதிரியார். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடச் சொல்லித்தர எளிய வழி ஒன்றைக் கண்டுபிடிக்கும்படி 1841இல் அவரிடம் கேட்டுக்கொண்டார்கள். நார்விச் நகரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை ஏற்கெனவே ஒரு முறையை நடத்திவந்தார். ஐரோப்பிய இசைக் கோடுகளையும் புள்ளிகளையும் விட்டுவிட்டு, சுரங்களின் பெயர்களின் முதலெழுத்தை மட்டும் எழுதிப் பாடும் முறை அது. கர்வன் அதை எடுத்துச் செப்பனிட்டு 'டானிக் சோல்ஃபா' என்று நாடெங்கும் கொண்டுபோனார். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச்சைகையையும் பிற்பாடு சேர்த்தார். மிஷனரிகளோடு கப்பலேறிய இந்த முறை, மிசோரத்திலும் காசி மலைப்பகுதியிலும் தேவாலயப் பாட்டுப் புத்தகங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

இதன் உயிர்நாடி ஒன்றுதான்: 'டோ' என்பது பியானோவின் ஒரு குறிப்பிட்ட கட்டையன்று; பாடுகிறவருக்கு வசதியான இடத்தில் அதை வைத்துக்கொள்ளலாம். நமக்கு இதில் வியப்பில்லை. ஆதார ஷட்ஜத்தை அவரவர் குரலுக்கேற்ப வைத்துக்கொள்வதுதான் கர்நாடக இசையின் அடிப்படை. ஐரோப்பாவின் பள்ளிகள் வாதாடிப் பெற்ற ஒன்றை நாம் பிறப்பிலேயே வைத்துக்கொண்டு பள்ளிக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

இங்கிலாந்து அரசு இதற்குப் பணத்தைக் கட்டியது சுவையான கதை. 1862ஆம் ஆண்டு விதிகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்குத்தான் தேர்ச்சியை எண்ணி மானியம் தந்தன. காசு வராத பாட்டு வகுப்பறையிலிருந்து நழுவியது. எதிர்ப்பு எழுந்த பிறகு பாட்டுக்கும் மானியம் வந்தது. 1882 முதல் குறிப்பைப் பார்த்துப் பாடும் பிள்ளைக்கு ஒரு ஷில்லிங், கேள்வி ஞானத்தில் பாடினால் அதில் பாதி, ஆறு பென்ஸ். பள்ளிகள் விழுந்தடித்துக்கொண்டு சோல்ஃபா கற்பித்தன. மேற்பார்வைக்கு வருகிறவர் என்ன கேட்பாரோ அதை மட்டும் கற்பிக்கும் பழக்கமும் கூடவே வந்தது. எதை அளக்கிறோமோ அதுதான் வகுப்பறையில் நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்து வந்தது வானொலி. 1939இல் போர் மூண்டு பிள்ளைகள் நகரங்களை விட்டு அனுப்பப்பட்டபோது, பிபிசி 'சேர்ந்து பாடுவோம்' என்ற பொருள்படும் பள்ளி நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. நாடெங்கும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பாடினார்கள். அறுபது ஆண்டுக்கு மேல் அது நடந்தது. பாட வராத ஆசிரியருக்கு அது பெரிய ஊன்றுகோல். ஆனால் ஒலிபெருக்கிக்குக் காது கிடையாது. பிள்ளை எந்தச் சுரத்தில் பாடுகிறது என்று அதற்குத் தெரியாது. 2018 முதல் நம் பாடநூல்களில் வரும் கியூஆர் குறியீட்டுக் காணொளிகளுக்கும், 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்கும் இதே வலிமையும் இதே குறையும் உண்டு.

2007இல் பிரிட்டிஷ் அரசு நாலு கோடி பவுண்டு ஒதுக்கி 'சிங் அப்' என்ற தேசியப் பாடும் திட்டத்தைத் தொடக்கப் பள்ளிகளில் நடத்தியது. பாட்டு வங்கி ஒன்று, கூடவே வகுப்பாசிரியர்களுக்குப் பயிற்சி. ஆய்வாளர் கிரஹாம் வெல்ச் குழுவினர் நடத்திய மதிப்பீட்டில், இத்திட்டத்தில் இருந்த பிள்ளைகள் அதே வயதுடைய மற்றப் பிள்ளைகளைவிடப் பாடும் திறனில் இரண்டு ஆண்டுகள் வரை முன்னே இருந்தது தெரியவந்தது. சில ஆண்டுகளில் அரசுப் பணம் நின்றது. இன்று இங்கிலாந்தின் 2022ஆம் ஆண்டுத் தேசிய இசைத் திட்டம் வாரம் குறைந்தது ஒரு மணி நேர இசைக்கல்வி வேண்டும் என்கிறது. அது நடப்பதும் நடக்காததும் அந்தந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் கையில்.

ஹங்கேரி: ஊர்ப் பாட்டும் தினப் பாடமும்

ஹங்கேரியின் கதை ஓர் இசையமைப்பாளரின் மனவருத்தத்தில் தொடங்குகிறது. சோல்தான் கோடாய், பேலா பார்டோக்கோடு சேர்ந்து ஃபோனோகிராஃப் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாக நாட்டுப்பாட்டு சேகரித்தவர். 1906இல் இருவரும் முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். தன் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அந்தச் செல்வத்தை அறியாமல் மட்டமான பாட்டுகளைப் பாடுவதை 1920களில் கேட்டு நொந்துபோன அவர், பிள்ளைகளுக்காகவே எழுதத் தொடங்கினார். தலைநகரத்து ஆப்ரா அரங்கின் இயக்குநர் யார் என்பதைவிட, ஒரு சின்ன ஊரின் பள்ளிப் பாட்டு ஆசிரியர் யார் என்பதுதான் முக்கியம் என்று 1929இல் வாதிட்டார். இயக்குநர் மோசமானவரானால் ஓர் ஆண்டில் மாற்றிவிடலாம். ஆசிரியர் மோசமானால் முப்பது ஆண்டுகளுக்கு வரும் பிள்ளைகளெல்லாம் கெடுவார்கள் என்பது அவர் கணக்கு.

அந்தக் கருத்து பள்ளியாக உருவெடுத்தது 1950இல், கோடாய் பிறந்த கெச்கெமெட் ஊரில். மார்த்தா நெமெஸ்ஸெகி என்ற ஆசிரியையின் தலைமையில் அங்கே தொடங்கிய பாட்டுத் தொடக்கப் பள்ளியில் தினமும் இசைப் பாடம். பிறகு அப்படிப்பட்ட பள்ளிகள் நூறுக்கு மேல் பெருகின. 1964இல் புடாபெஸ்டில் கூடிய பன்னாட்டு இசைக்கல்வி மாநாட்டுக்கு வந்தவர்கள், சாதாரணப் பிள்ளைகள் குறிப்பைப் பார்த்துப் பாடுவதைக் கண்டு மலைத்துப்போனார்கள். 2016இல் யுனெஸ்கோ, நாட்டுப்பாட்டு மரபைக் காக்கும் சிறந்த நடைமுறைகளின் பட்டியலில் கோடாய் முறையைச் சேர்த்தது.

முறை என்று சொல்வதில் பெரும்பகுதி கடன் வாங்கியதுதான். கைச்சைகை கர்வனுடையது, தாளச் சொற்கள் பிரெஞ்சுக்காரர் ஷெவேயுடையவை. வரிசைதான் சொந்தம். முதலில் பிள்ளை காதால் கேட்டு விளையாட்டோடு பாடும். வெகுகாலம் பாடிய பிறகே எழுதிப் பார்க்கும். எடுத்த எடுப்பில் ஏழு சுரங்களையும் கொடுப்பதில்லை. 'சோ–மி' என்ற இரண்டு சுரங்களில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்து, அரைச்சுரங்கள் இல்லாத ஐந்து சுரங்களில் நெடுநாள் நிற்கிறார்கள். சின்னக் குரலுக்கு அரைச்சுர இடைவெளி வழுக்கும் என்பது காரணம். ஹங்கேரியின் பழைய நாட்டுப்பாட்டுகள் ஐந்து சுரங்களில் அமைந்தவை என்பது இன்னொரு காரணம்.

அந்த ஐந்து சுரங்கள் எவை? ச ரி க ப த. நம்முடைய மோகனம். 'சோ–மி' என்பது பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு இறங்கும் அடி. தமிழ்நாட்டின் ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் தினம் காலையில் ஒலிக்கும் பாட்டின் ராகம், உலகம் போற்றும் ஒரு குழந்தை இசைப் பாடத்திட்டத்தின் முதல் ஆண்டுகளுக்கு வேண்டிய சுரங்களை முழுமையாகத் தாங்கியிருக்கிறது. நம் சம்பிரதாயப் பாடாந்தரம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசையோடு தொடங்குகிறது. அரைச்சுரங்கள் நிறைந்த அந்த வரிசை, குருவின் எதிரே தினம் உட்காரும் மாணவருக்கு ஏற்றது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறைக்கு மோகனம்தான் நல்ல வாசல்.

ஹங்கேரியிலும் எல்லாம் பொற்காலமாக நிற்கவில்லை. காலப்போக்கில் சாதாரணப் பள்ளிகளில் இசைக்கான பாடவேளை சுருங்கியது. தினமும் பாடிய பள்ளிகளில் கிடைத்த பயன், வாரம் ஒன்றிரண்டு வேளை பாடிய பள்ளிகளில் அதே அளவுக்குக் கிடைக்கவில்லை. மரபோ மேதையோ எவ்வளவு இருந்தாலும், வேலை செய்தது தினப் பழக்கம்தான்.

பிள்ளைக் குரல் எங்கே இருக்கிறது?

"இந்தப் பிள்ளைக்கு ஞானமில்லை" என்று நாம் தள்ளிவைக்கும் பல பிள்ளைகளுக்கு உண்மையில் சுருதி இடம்தான் சிக்கல். ஆறு ஏழு வயதுப் பிள்ளையின் வசதியான எல்லை சிறியது: ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் ஒன்று அல்லது இரண்டு கட்டையிலிருந்து ஆறு கட்டை வரை. ஆண் ஆசிரியர் ஒரு கட்டையில் பாடினால், அவர் குரல் பிள்ளையின் குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே போகிறது. பிள்ளை எதைப் பிடிப்பது என்று தெரியாமல் உறுமுகிறது. ஆசிரியை தன் பேச்சுக் குரலின் உயரத்தில், கீழ் ஐந்து கட்டையில் பாட்டை எடுத்தாலும் இதேதான். பிள்ளை பேச்சுக் குரலிலேயே தங்கிக் கத்துகிறது; பாட்டுக் குரல் வெளியே வருவதே இல்லை. நடு ஒரு கட்டையை ஷட்ஜமாக வைத்தால், மோகனத்தின் ஷட்ஜத்திலிருந்து தைவதம் வரை அப்படியே பிள்ளையின் வசதி எல்லைக்குள் விழுகிறது. பயிற்சிக்கு ஆகும் செலவு, செல்போனில் ஒரு தம்புரா செயலி.

லண்டன் தொடக்கப் பள்ளிகளில் வெல்ச்சும் அவர் கூட்டாளிகளும் 1990களில் நடத்திய ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. சின்னப் பிள்ளைகள் பாட்டின் சொற்களை மிக வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள், மெட்டு பின்தங்குகிறது. சொல்லை எடுத்துவிட்டு மெட்டின் துண்டுகளை மட்டும் பாடச் சொன்னால் அதே பிள்ளைகள் நன்றாகப் பாடுகிறார்கள். நம் வகுப்பறையில் பாட்டு சொல்லுக்கு வாகனமாக மட்டும் இருப்பதன் விளைவு இதிலிருந்து விளங்கும். 'லா லா' என்றோ 'தா னா' என்றோ மெட்டை மட்டும் இரண்டு தடவை பாடவைத்துவிட்டுச் சொல்லைச் சேர்ப்பது சின்ன மாற்றம், பலன் பெரிது.

பாடினால் மார்க் ஏறுமா?

இசைக்கல்விக்காக வாதாடுகிறவர்கள் பலர் கையிலெடுக்கும் ஆயுதம் இது: பாட்டு கற்றால் மூளை வளரும், கணக்கு வரும். மொசார்ட் இசையைக் கேட்டால் சிந்தனைத்திறன் கூடும் என்பதாக, 1993இல் வந்த 'மொசார்ட் விளைவு' ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. அதில் கலந்துகொண்டவர்கள் குழந்தைகள் அல்லர், கல்லூரி மாணவர்கள். கண்ட பயனும் சில நிமிடங்களே நீடித்தது. 2004இல் கிளென் ஷெல்லன்பெர்க் 144 ஆறு வயதுப் பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து ஓராண்டு ஆராய்ந்தார். ஒன்றுக்குக் கீபோர்டு, ஒன்றுக்குக் கோடாய் முறைப் பாட்டு, ஒன்றுக்கு நாடகம், ஒன்றுக்கு எதுவுமில்லை. இசை கற்ற இரு குழுக்களுக்கும் நுண்ணறிவு அளவில் மற்ற இரு குழுக்களைவிடச் சில புள்ளிகள் அதிகமாகக் கூடின. பிறரோடு பழகும் தன்மை நாடகக் குழுவில்தான் உயர்ந்தது. அதன் பின் வந்த ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் சாலாவும் கோபேவும், ஒப்பீட்டுக் குழுவுக்கும் வேறொரு பயிற்சி தந்து சரியாக ஒப்பிட்டால் இந்தப் பயன் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்று காட்டினார்கள்.

ஆகவே மார்க்கைச் சொல்லிப் பாட்டை விற்பது ஆபத்து. மார்க் ஏறவில்லை என்று தெரிந்த நாளில் பாட்டும் போய்விடும். பிள்ளை பாடக் கற்பதன் பயன் பாடத் தெரிவதுதான். தன் குரலைத் தானே ஆளத் தெரிவது, பக்கத்திலிருப்பவரைக் கேட்டுக்கொண்டே தன் வேலையைச் செய்யத் தெரிவது, நாற்பது பேரோடு ஒரே மூச்சில் தொடங்கி ஒரே மூச்சில் நிறுத்தத் தெரிவது. ஒரு பொதுப் பள்ளி இதைக் கற்பிக்கப் போதுமான காரணம் இதுவே. காசு கட்டி வீட்டில் பாட்டு வகுப்பு வைக்க முடிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது எப்படியும் கிடைத்துவிடுகிறது. கிடைக்காத பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு இடமில்லை.

எந்தப் பாட்டு?

தமிழிசை இயக்கம் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தைக் கண்டது. எந்த மொழிப் பாட்டு மேடையில் முதலிடம் பெற வேண்டும் என்று அது கேட்ட கேள்வி நியாயமானது. மேடை மாறியது. வகுப்பறை என்ற கேள்வி மேடை அளவுக்கு எழவே இல்லை. கச்சேரி உருப்படிகளில் பெரும்பாலானவை பக்திப் பாடல்கள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் அரசுப் பள்ளியில் அவற்றை மட்டும் வைத்துப் பாடம் நடத்த முடியாது. சினிமாப் பாட்டு பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது பெரியவர் குரலின் எல்லைக்கு மெட்டமைத்தது. அப்படியே பாடவைத்தால் தொண்டை கிழியும்.

நமக்குச் சொந்தமாகவே நிறைய இருக்கிறது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் அழ. வள்ளியப்பாவும் குழந்தைகளுக்கென்றே எழுதினார்கள். கும்மி, ஊஞ்சல் பாட்டு, கண்ணாமூச்சி, நொண்டி விளையாட்டுகளின் பாட்டு, நடவுப் பாட்டு என்று மாவட்டத்துக்கு மாவட்டம் குவிந்துகிடக்கின்றன. கி.வா. ஜகந்நாதனின் மலையருவியும் நா. வானமாமலையின் தொகுப்புகளும் நாட்டுப்பாட்டை அச்சில் காப்பாற்றின. ஆனால் தமிழில் இந்தச் சேகரிப்பு பெரும்பாலும் சொல்லைக் காத்தது. மெட்டு பாட்டிகளின் தொண்டையிலேயே தங்கிவிட்டது. ஹங்கேரிக்காரர்கள் மெழுகு உருளையில் மெட்டைப் பிடித்து வந்தார்கள். அதனால்தான் அதைப் பாடத்திட்டமாக அடுக்க முடிந்தது. இன்று ஒவ்வொரு ஆசிரியர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. ஊருக்கு ஒரு பாட்டியின் பத்துப் பாட்டைப் பதிந்தாலே போதும். மூன்று சுரத்தில் நிற்பது எது, ஐந்து சுரம் எது என்று தரம் பிரித்து ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அடுக்குவது, மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இரண்டு மூன்று இசை ஆசிரியர்கள் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை.

யார் கற்பிப்பது?

கேள்வியின் மையம் இது. தனி இசை ஆசிரியரை ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் நியமிக்க வேண்டும் என்பது ஒரு வாதம். கேட்க நன்றாயிருக்கிறது. முப்பது நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஈராசிரியர் பள்ளிகள் நிறைந்த மாநிலத்தில் அது அண்மையில் நடக்கப்போவதில்லை. நடந்தாலும், அந்த ஆசிரியர் வாரத்தில் ஒரு நாள் வந்துபோனால் மற்ற நாட்களில் பாட்டு இராது. வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்ளட்டும் என்பது மறுவாதம். பயிற்சியே தராமல் அப்படிச் சொல்வது கைகழுவுவதற்குச் சமம்.

இரண்டுக்கும் நடுவில் வழி உண்டு. தினமும் பாடவைப்பவர் வகுப்பாசிரியர். அவருக்குத் துணை நிற்பவர் இசை ஆசிரியர். வட்டாரத்துக்கு ஒருவரோ இருவரோ இசை ஆசிரியர் போதும். குறுவள மையக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை இடைநிலை ஆசிரியர்களுக்கு நான்கு பாட்டுச் சொல்லித்தர வேண்டும்; பள்ளிகளுக்குச் சுற்றிவந்து பிள்ளைகளின் குரலைக் கேட்க வேண்டும். தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் பாடும் பயிற்சியை எழுத்துத் தேர்வாக வைக்காமல் செயல்முறையாக வைக்கலாம்: சுருதியோடு சேர்ந்து ஐந்து சுரம் பாடத் தெரிதல், பாட்டைப் பிள்ளையின் கட்டையில் எடுக்கத் தெரிதல், தப்பாகப் பாடும் பிள்ளையை நோகாமல் திருத்தத் தெரிதல். வித்வான் ஆக வேண்டியதில்லை. கணக்கு மேதையாக இராமலே வகுத்தல் கற்பிக்கும் ஆசிரியரால் இதுவும் முடியும்.

வகுப்பறையில் தினம் பத்து நிமிடம் போதும். வாசிப்பையும் கணக்கையும் அது தின்றுவிடாது. மதிய உணவுக்குப் பின் பிள்ளைகள் தூங்கிவழியும் நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு நிமிடம் சுருதியோடு சேர்தல். அடுத்து, ஆசிரியர் பாடக் கேட்டுத் திருப்பிப் பாடும் சின்னச் சுரக்கோவைகள். பிறகு பழைய பாட்டு ஒன்று, புதுப் பாட்டின் ஓரடி. இந்தப் பத்து நிமிடத்துக்குள் தினம் நான்கு பிள்ளைகளாவது ஓரடியைத் தனியே பாட வேண்டும். கேள்வி–பதில் அமைப்புள்ள விளையாட்டுப் பாட்டில் இது தேர்வென்று தோன்றாமலே நடந்துவிடும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் பத்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு குரலையும் ஆசிரியர் தனியே கேட்டிருப்பார்.

அளவீடு வேண்டுமென்றால் அதையும் இங்கேதான் வைக்க வேண்டும். ஒரு பள்ளி கலைத் திருவிழாவில் எத்தனை பரிசு வாங்கியது என்பதோடு, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பாட்டைச் சுருதி விலகாமல் தனியே பாடுகிறார்கள் என்பதையும் பார்வைக்கு வரும் அலுவலர் கேட்கட்டும். பரிசுக்கு உரியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். இரண்டாவது கணக்கில் வகுப்பு முழுவதும் வர வேண்டும். அலுவலர் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கும் ஆண்டில் தொடக்கப் பள்ளியில் பாட்டு வகுப்பும் தொடங்கிவிடும்.